தயிர்ச் சட்டியும் டெங்குக் காய்ச்சலும்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவில் வாசியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் டெங்கு பற்றிய பகுதியையாவது தவறாமல் வாசியுங்கள்.

மாரி தொடங்கியதிலிருந்து நமது ஊர் வட்ஸ்அப் குரூப்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசுபவர் யாரென்று தெரியாது. குரல் மட்டும் நல்ல உறுதியான குரல். புளித்த சாப்பாட்டில் வைரஸைக் கொல்லும் பதார்த்தம் இருக்கிறதாம். தயிர், பழஞ்சோறு, ஊறுகாய் மூன்றையும் நாளாந்தம் சாப்பிட்டால் காய்ச்சல் என்ற பேச்சே இல்லையாம். டெங்குவுக்கும் இதுதானாம் மருந்து. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்களாம். கடைசியில் வழமைபோல, "பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நன்மை கிடைக்கும்."

தரம் 8 வகுப்பில் நுண்ணங்கிகள் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், தயிர்ல இருக்கிற பற்றீரியா டெங்கு வைரஸச் சாப்பிட்டுடுமா?" வகுப்பு சிரித்தது. ஆனால் அது சிரிக்கிற கேள்வி அல்ல. அந்தக் குரல் பதிவைக் கேட்ட பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்வி. விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் ஓய்வறையில் உட்கார்ந்து இதைப் பற்றி நிறையப் பேசினோம், தேடி வாசித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குரல் பதிவு முழுப் பொய்யல்ல. முழுப் பொய்யாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டிய அவசியமே இல்லை, ஒரு வரியில் மறுத்துவிடலாம். அதில் ஒரு பிடி உண்மை இருக்கிறது. அந்த உண்மையைக் கொண்டுபோய் வைத்திருக்கிற இடம்தான் பிழை.

தயிர் எப்படி உறைகிறது என்பது நம் உம்மாமாருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். காய்ச்சி ஆறவைத்த பாலில், விரல் வைத்தால் இளஞ்சூடு தாங்குகிற பதத்தில், நேற்றைய தயிரில் ஒரு கரண்டி. மூடி வைத்தால் காலையில் உறைந்திருக்கும். அந்த ஒரு கரண்டியில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருக்கின்றன. அவை பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியைத் தின்று இலக்ரிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் கூடக் கூடப் பாலின் புரதம் திரண்டு கட்டியாகிறது, புளிப்பு வருகிறது. அந்தப் புளிப்பில் கெட்ட பற்றீரியாக்கள் பல வளர முடியாது. பால் அரை நாளில் பழுதாகிறது, அதே பாலில் செய்த தயிர் சட்டியில் நாட்கணக்கில் இருக்கிறது என்றால் காரணம் இதுதான். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் மனிதன் கண்டுபிடித்த பெரிய பாதுகாப்பு இது.

இந்தப் புளிப்புக்குப் பின்னால் மருத்துவம் இருக்கக்கூடும் என்று முதலில் பெரிதாகப் பேசியவர் எலி மெச்னிகோஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தவர். நமது இரத்தத்தில் கிருமிகளை விழுங்கும் கலங்கள் இருக்கின்றன என்று காட்டியதற்காக 1908இல் நோபல் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டவர். பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் நீண்டகாலம் வாழ்வதற்கு அவர்கள் சாப்பிடும் புளித்த பால்தான் காரணம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவரிடம் போதிய சான்று இருக்கவில்லை. ஆனால் குடலில் வாழும் நுண்ணங்கிகளுக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் தொடர்பு இருக்கிறது என்ற அவருடைய யோசனை வீண்போகவில்லை.

சரி, புளித்த உணவில் அப்படி என்னதான் இருக்கிறது?

அமிலம் இருக்கிறது. "அமிலம் வைரஸைக் கொல்லும்" என்று குரல் பதிவுக்காரர் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான். ஆய்வுகூடத்தில் ஒரு தட்டில் வைரஸை வைத்து அதன்மேல் அமிலம் ஊற்றினால் பல வைரஸ்கள் செத்துத்தான் போகும். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். தயிரின் பீஎச் பெறுமானம் 4 தொடக்கம் 4.5 வரை. வெறும் வயிற்றில் நமது இரைப்பையின் பீஎச் ஏறத்தாழ 2. பீஎச் இரண்டு குறைந்தால் அமிலத்தன்மை 100 மடங்கு கூடும் என்று ஓ/எல் பிள்ளைகளுக்குத் தெரியும். அதாவது அல்லாஹ் நமது வயிற்றுக்குள் வைத்திருக்கிற அமிலம் தயிரைவிட நூறு மடங்கு கடுமையானது. தயிரின் அமிலம் செய்யக்கூடியதை இரைப்பை ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. தடிமல் வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது. டெங்கு வைரஸ் இரத்தத்தில் இருக்கிறது. வயிற்றுக்குப் போன தயிர் அங்கே போய் அதன்மேல் ஊற்றுப்படப் போவதில்லை. சவர்க்காரமும்தான் தட்டில் கொரோனா வைரஸைக் கொல்கிறது. யாராவது சவர்க்காரம் கரைத்துக் குடிக்கிறோமா?

அமிலத்துக்கு அடுத்து, இந்தப் பற்றீரியாக்கள் சில சிறிய புரதங்களைச் செய்கின்றன. 'நைசின்' என்பது அதில் பேர்போனது, பாலாடைக் கட்டி கெடாமல் இருக்கச் சேர்ப்பார்கள். இவை முக்கியமாக மற்றப் பற்றீரியாக்களைத் தாக்குபவை. நமது கதைக்கு இவை பெரிதாக உதவாது.

உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. இவை வைரஸைக் கொல்பவை அல்ல, நமது உடம்போடு பேசுபவை.

ஒன்று, சில தயிர்ப் பற்றீரியாக்கள் தங்களைச் சுற்றிச் செய்கிற நீண்ட சீனிச் சங்கிலிகள். சில தயிர் கரண்டியில் நூல் மாதிரி இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த வழுவழுப்பு இந்தச் சங்கிலிகளால் வருவதுதான். ஜப்பானில் இதை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஃபுனகாடா, அரிதா என்ற இரண்டு ஊர்களில் வயதானவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இப்படிச் சங்கிலி செய்யும் ஒரு குறிப்பிட்ட பற்றீரியா இனத்தால் உறைய வைத்த யோகட் நாளுக்கு 90 கிராம், மற்றப் பிரிவுக்கு 100 மில்லிலீற்றர் பால். ஓர் ஊரில் 57 பேர், மற்ற ஊரில் 85 பேர். 8 வாரமும் 12 வாரமும் தொடர்ந்தார்கள். இரண்டு ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது யோகட் சாப்பிட்டவர்களுக்குத் தடிமல் பிடிக்கும் வாய்ப்பு பால் குடித்தவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. வைரஸ் புகுந்த கலங்களைத் தேடிக் கொல்லும் ஒருவகை வெள்ளை அணுக்களின் சுறுசுறுப்பும் கூடியிருந்தது. 2010இல் வெளிவந்த ஆய்வு. இதைச் செய்தவர்களில் அந்த யோகட் கம்பனியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடைக்காரர் தன் தராசில் தானே நிறுத்துத் தந்தால் நாம் ஒருமுறை உற்றுப் பார்ப்போம் அல்லவா, அந்த மாதிரி.

மற்றது ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் வந்தது. நமது எதிர்ப்புக் கலங்களின் மேற்பரப்பில் பூட்டு மாதிரி ஒரு வாங்கி இருக்கிறது. இலக்ரிக் அமிலப் பற்றீரியாக்கள் செய்யும் பினைல்லக்ரிக் அமிலத்தின் ஒரு வடிவம் அந்தப் பூட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற திறப்பு. புளிக்க வைத்த கோவாவைச் சாப்பிட்டவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் அந்தப் பதார்த்தத்தை அளந்து காட்டினார்கள். அதாவது சட்டிக்குள் பற்றீரியா செய்த ஒரு பொருள், நாம் சாப்பிட்ட பிறகு இரத்தத்துக்குள் போய், எதிர்ப்புக் கலத்தின் கதவைத் தட்டுகிறது. வாசித்தபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது. சுப்ஹானல்லாஹ். ஆனால் கதவைத் தட்டியதால் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வராமல் போனது என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. அளக்காததை நாம் சேர்த்துச் சொல்லக்கூடாது.

இதைப் போலத் தனித்தனியாக நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற ஒரு சர்வதேசக் குழு இருக்கிறது, கொக்ரேன் என்று பெயர். 2015இல் அவர்கள் 3720 பேர் பங்குபற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்த நல்ல பற்றீரியாக்களை உணவோடோ மருந்தாகவோ எடுத்தவர்களுக்குத் தடிமல், தொண்டை நோ போன்றவை வருவது குறைந்தது, வந்தாலும் சராசரியாக இரண்டு நாள் அளவில் சீக்கிரம் சுகமானது என்பது முடிவு. கூடவே ஓர் எச்சரிக்கையும் எழுதினார்கள்: சான்றின் தரம் தாழ்ந்தது, ஆகவே அறுதியாகச் சொல்ல முடியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சுகமாக இருக்கும் ஆட்களுக்கு, வாரக்கணக்கில், நாளாந்தம் கொடுத்துப் பார்த்தவை. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு ஒரு கோப்பை தயிர் கொடுத்து எழுப்பிய ஆய்வுகள் அல்ல. இந்த வித்தியாசம்தான் குரல் பதிவில் காணாமல் போயிருக்கிறது.

நோய் வந்த பிறகு கொடுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ஒரு குறிப்பிட்ட நல்ல பற்றீரியாவைக் கொடுத்தால் வயிற்றோட்டம் ஒரு நாள் முந்தி நிற்கிறது என்று ஐரோப்பாவில் பழைய ஆய்வுகள் சொன்னன. எல்லோரும் நம்பினார்கள். 2018இல் அமெரிக்காவில் 971 பிள்ளைகளிலும் கனடாவில் 886 பிள்ளைகளிலும் பெரிய அளவில், கவனமாகச் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை. பற்றீரியா கொடுத்த பிள்ளையும் கொடுக்காத பிள்ளையும் ஒரே மாதிரித்தான் சுகமானார்கள். ஆகவே வயிற்றோட்டம் என்றால் இன்றைக்கும் முதலில் ஜீவனிதான். பெரிய பெயர் இல்லாத, மலிவான, உப்பும் சீனியும் கலந்த அந்தப் பக்கற்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. நமக்கு அருகில் இந்தியாவின் ஒடிசாக் கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஊறுகாய் போன்ற புளித்த மரக்கறிகளில் காணப்படும் ஒருவகைப் பற்றீரியாவை, அதற்கு உணவாகும் ஒரு சீனியோடு சேர்த்து, பிறந்த சில நாட்களில் ஒரு வாரம் கொடுத்தார்கள். கடும் தொற்றாலோ மரணத்தாலோ பாதிக்கப்பட்ட குழந்தைகள் 9 வீதத்திலிருந்து 5.4 வீதமாகக் குறைந்தார்கள். சுவாசத் தொற்றும் குறைந்தது. மிகப் பெரிய பலன். உடனே யாரும் பிள்ளைக்கு ஊறுகாய்த் தண்ணீர் தொட்டு வைத்துவிடாதீர்கள்! அது வைத்தியர்கள் அளந்து, சுத்தமாகத் தயாரித்துக் கொடுத்த தூள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கொரியாவின் கதை இன்னொரு பாடம். அங்கே கிம்ச்சி என்று ஒரு புளித்த கோவா அச்சாறு. மூன்று வேளையும் மேசையில் இருக்கும். 2005இல் பறவைக் காய்ச்சல் பீதியின்போது சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் நோய் பிடித்த 13 கோழிகளுக்குக் கிம்ச்சிச் சாற்றைக் கொடுத்தார், 11 கோழிகள் தேறத் தொடங்கின என்று செய்தி வந்தது. உலகம் முழுக்கப் பரவியது. பதின்மூன்று கோழிகள்! நமது ஊரில் ஒரு வீட்டுக் கூட்டில் அதைவிடக் கூட இருக்கும். பிறகு கொரோனா வந்தது. கிம்ச்சி சாப்பிடுகிற அதே தென்கொரியாவில் 2022 மார்ச் 17ஆம் திகதி ஒரே நாளில் 6 இலட்சத்து 21 ஆயிரம் பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த நேரத்தில் அந்த மக்களில் பெரும்பாலானோர் தடுப்பூசி போட்டிருந்தார்கள், அதுதான் அவர்களைக் காத்தது.

நம் நாட்டிலும் பார்த்தோம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துச் செய்த பாணி மருந்துக்கு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்கும் கொரோனா தொற்றியது. சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. ஜனாஸாவை எரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வைத்தியசாலைப் பக்கம் போகவே அஞ்சி, வீட்டுக்குள்ளேயே கசாயம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நம்மிலும் இருந்தார்கள். கைமருந்து என்பது எப்போதும் அறியாமையால் வருவதில்லை. சில நேரம் வேறு கதவுகள் மூடப்பட்டதால் வருகிறது. அந்த நாட்களை நாம் மறக்க மாட்டோம். ஆனால் இன்றைக்கு டெங்குவுக்கு அந்தக் கதவு மூடப்படவில்லை. வைத்தியசாலை திறந்திருக்கிறது, பரிசோதனை இருக்கிறது.

இனி டெங்குவுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான்.

2017ஆம் ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டார்கள். 400க்கும் அதிகமான உயிர்கள் போயின. அந்த மார்ச் மாதத்தில் கிண்ணியா பட்ட பாடு நமக்கெல்லாம் நினைவிருக்கும். பாடசாலைகளை மூடினார்கள். அன்றைக்கு இறந்தவர்கள் தயிர் சாப்பிடாதவர்கள் அல்லர். திருகோணமலைப் பக்கம் எருமைத் தயிருக்கா பஞ்சம்?

இந்த மாரியில் எங்கள் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டார் நல்ல மனிதர்கள், பிள்ளைமேல் உயிராக இருப்பவர்கள். பனடோல் கொடுத்தார்கள், குரல் பதிவில் சொன்னபடி காலையும் மாலையும் தயிர் கொடுத்தார்கள், பப்பாசி இலைச் சாறும் கொடுத்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. "பார்த்தீங்களா, தயிர் வேலை செஞ்சிட்டு" என்று சந்தோசப்பட்டார்கள். அன்று பின்னேரம் பிள்ளை எழும்பவில்லை, கைகால் குளிர்ந்துவிட்டது, வயிற்று நோவென்று முனகியது. பக்கத்து வீட்டு ராத்தா பார்த்துவிட்டு, காலையிலிருந்து பிள்ளை சிறுநீர் கழித்ததா என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. அவர்தான் முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்து இப்போது வகுப்புக்கு வருகிறது. இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்று வைத்தியர் சொன்னாராம்.

தயிர் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. தயிரை நம்பிக் காத்திருந்த அந்த நாலு நாள்தான் கெடுதல் செய்தது.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஒழுகிவிடுகிறது. இரத்தம் தடித்து, அழுத்தம் விழுந்துவிடுகிறது. இந்தக் கசிவு 24 தொடக்கம் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் வைத்தியர்கள் மணிக்கு மணி அளந்து சேலைன் ஏற்றுவார்கள். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை வைத்தியசாலையிலும் இல்லை. அங்கே உயிரைக் காப்பது இந்த அளவும் கண்காணிப்பும்தான். எந்தச் சாறும் எந்தத் தயிரும் அந்தக் கசிவை அடைக்காது. "பிளேட்லெட் கூடும், பிளேட்லெட் கூடும்" என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆளைக் கொல்வது பல வேளைகளில் பிளேட்லெட் குறைவு அல்ல, இந்தக் கசிவு.

ஆகவே காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கேற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அஸ்பிரின், இபுபுரூபன், டிக்லோபெனக் போன்ற நோவு மாத்திரைகள் வேண்டவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை (எஃப்பிசி), வைத்தியர் முந்திச் சொன்னால் முந்தி. இளநீர், கஞ்சி, பழச்சாறு, ஜீவனி குடிக்கக் கொடுங்கள். சிவப்பு, கறுப்பு நிறப் பானங்களைத் தவிருங்கள், வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும். கடும் வயிற்று நோவு, விடாத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் குளிர்தல், மயக்கம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் வண்டியைப் பிடியுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

பிள்ளைக்குத் தயிர் சாப்பிட ஆசை என்றால் கொடுங்கள், தடையில்லை. அதை மருந்துக் கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், நமது வீடுகளில் தடிமல் பிடித்தால் "தயிர் குளிர், தொடாதே" என்று பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதும் நாம்தான், தயிர் வைரஸைக் கொல்லும் என்று பத்துப் பேருக்கு அனுப்புவதும் நாம்தான். ஒரே வீடு, ஒரே உம்மம்மா. தயிரால் தடிமல் வரும் என்பதற்கும் சான்று இல்லை. தடிமல் வைரஸால்தான் வருகிறது.

சுகமாக இருக்கும் நாட்களில் என்ன சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு: சட்டித் தயிர் நல்லது, நாளுக்கு ஒரு சின்னக் கோப்பை போதும். கடையில் வாங்கும் யோகட்டில் சீனி அதிகம், சீனி நோய் உள்ளவர்கள் லேபலைப் பாருங்கள். பாணி ஊற்றிக் குளிக்க வைத்துச் சாப்பிட்டால் தயிரும் அதே கதைதான். தோசை, அப்பம், இட்லி எல்லாம் புளிக்க வைத்த மாதான், ஆனால் சட்டியில் வெந்ததும் பற்றீரியா செத்துவிடும். அதனால் வீண் என்று நினைக்க வேண்டாம். மா புளிக்கும்போது தானியத்திலும் உழுந்திலும் இரும்பையும் நாகத்தையும் பூட்டி வைத்திருக்கும் பைற்றேற் என்ற பதார்த்தம் குறைகிறது, அந்தச் சத்துகள் உடம்புக்கு இலகுவாகச் சேருகின்றன. இரும்பும் நாகமும் எதிர்ப்புச் சக்திக்கு வேண்டியவை. எங்களைக் கேட்டால் உழுந்துத் தோசைக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பழஞ்சோற்றில் மட்டும் கவனம். இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டால் வயலுக்குப் போகிறவருக்கு மதியம் வரை பசிக்காது. அதன் ருசியை நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. ஆனால் சூட்டோடு பானையில் மூடி, தண்ணீரும் ஊற்றாமல் இரவு முழுக்க வெளியில் கிடந்த சோறு பழஞ்சோறு அல்ல, பழுதான சோறு. அதில் வளரும் ஒரு பற்றீரியாவின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. வாந்தி வந்த பிறகு யாரையும் குறைசொல்லிப் பயனில்லை. சோறு ஆறியதும் சுத்தமான தண்ணீர், சுத்தமான கை, சுத்தமான பாத்திரம். மணம் மாறியிருந்தால் கோழிக்கும் போட வேண்டாம்.

ஊறுகாயும் கொறக்காப் புளி போட்ட ஜாடி மீனும் புளித்த உணவுகள்தான், ஆனால் உப்பில் மூழ்கியவை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. பிரஷர் உள்ள நமது வாப்பாமார் வைரஸைக் கொல்கிறேன் என்று ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தால் வேறொன்றைத்தான் வரவழைப்பார்கள். வினாகிரி ஊற்றிச் செய்யும் அச்சாறு புளிக்க வைத்ததல்ல, புளிப்பு ஊற்றியது. அதில் அந்தப் பற்றீரியாவும் இல்லை. ருசிக்குச் சாப்பிடுங்கள், பெருநாள் சவானில் அது இல்லாமல் எப்படி. புற்றுநோய்க்கு மருந்தேற்றுபவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் போன்றோர் இந்தப் பற்றீரியா மாத்திரைகளையும் வீட்டில் புளிக்க வைத்தவற்றையும் எடுக்கும்முன் தங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யோகட்டில் ஜெலட்டின் சேர்ப்பது பற்றியும் கள்ளு ஊற்றிப் புளிக்க வைக்கும் அப்ப மா பற்றியும் இரண்டு மூன்று பேர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், அது எங்கள் பாடமல்ல. எங்களுக்குத் தெரிந்தது, வீட்டில் உறைய வைக்கும் தயிருக்கு ஜெலட்டின் தேவையில்லை என்பதும், அப்ப மாவைக் கள்ளில்லாமல் ஈஸ்ட் போட்டோ பழைய மாவில் ஒரு கரண்டி சேர்த்தோ நன்றாகப் புளிக்க வைக்கலாம் என்பதும்தான். பால் கிடைக்கிற வீட்டார் இன்றைக்கே ஒரு சட்டி உறைய வையுங்கள். அதற்கு முன் பின்வளவில் கிடக்கும் பழைய சட்டிகளையும் சிரட்டைகளையும் கவிழ்த்துவிட்டு வாருங்கள். இரவு நல்ல மழை பெய்திருக்கிறது.